குட்டிக் கிளஸ்டரா, கோலாபா, பரம் பொருளா?

பல ப்ராசஸர்களைச் சேர்த்து ஒரே கணக்கைப் போடவைக்கும் வித்தையைக் கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இன்று மூன்று வழிகள் உண்டு: கூகுள் இணையத்தில் தரும் கோலாப், குட்டிக் கம்ப்யூட்டர்களைக் கோத்துச் செய்யும் கிளஸ்டர், பரம் பொருள் போன்ற நிஜ சூப்பர் கம்ப்யூட்டர்.

கோலாபுக்கு பிரவுசர் போதும், செலவும் இல்லை. டி4 என்ற ஜிபியு (ஒரே நேரத்தில் பல கணக்குகளைப் போடும் சிப்) கிடைத்துவிட்டால் சின்ன நியூரல் நெட்வொர்க் ஒன்றைத் தேநீர் ஆறுவதற்குள் பழக்கிவிடலாம். கிடைப்பது அன்றன்றைய அதிர்ஷ்டம்! கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் இணைப்பு அறுந்துவிடும். கூகுள் டிரைவில் சேமிக்காதது போனது போனதுதான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். மெஷினையே கண்ணில் காட்டாமல் ஒளித்துவைக்கிறதே, அதுதான் எனக்குக் குறை.

ராஸ்பெர்ரி பை (சுருக்கமாக 'பை') என்ற உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர்களை இணைத்த கிளஸ்டர் இதற்கு நேரெதிர். வேகத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஆனால் எல்லாமே மேசைமேல் இருக்கும். 2012-இல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் சைமன் காக்ஸ் குழுவினர் 64 பைகளை லெகோ அடுக்குகளில் செருகினார்கள். லெகோ வேலைக்கு அவருடைய 6 வயது மகன் கைகொடுத்தான். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் செய்த டைனி டைட்டனில் 9 பைகள். திரையில் தண்ணீர் போல ஓடும் துளிகளில், எந்தத் துளியை எந்தப் பை கணக்கிடுகிறதோ, அந்தப் பையின் விளக்கும் அதே நிறத்தில் எரியும். பள்ளிப் பிள்ளைக்குக்கூட விளங்கிவிடும்.

நாலு பைகளை ஒரு நெட்வொர்க் சுவிட்சில் கோத்து, சின்ன மேட்ரிக்ஸ் பெருக்கல் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். ஒற்றைப் பையைவிட நேரம் கூடுதலாகவே ஆகும். எண்களை இங்கும் அங்கும் அனுப்புவதிலேயே பொழுது போய்விடுகிறது. மேட்ரிக்ஸைப் பெரிதாக்கினால்தான் கூட்டுவேலை பலன் தரும். பாதியில் ஒரு கேபிளை உருவுங்கள், மொத்த வேலையும் கெட்டுவிடும். அப்புறம், முடிந்தவரை அவ்வப்போது சேமித்துவைக்கும் செக்பாயின்டைப் பற்றி "அது எதுக்கு சார்?" என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

சரி, நிஜமான சூப்பர் கம்ப்யூட்டர்? திருச்சி என்ஐடியில் 2022 மே மாதம் திறக்கப்பட்ட பரம் பொருளின் வேகம் 838 டெராஃப்ளாப்ஸ், அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள். ஸ்கிரிப்ட் எழுதி, வேலையை வரிசையில் போட்டுவிட்டுக் காத்திருக்கும் பழக்கம் இந்த மாதிரி இடத்தில்தான் வரும். இந்தத் துறையில் வேலை தேடுபவருக்கு அது அவசியம். ஆனால் ஆராய்ச்சிக்கென்று கட்டிய மெஷினில் சும்மா பழகிப்பார்க்க வருபவருக்கு இடம் கிடைப்பது கஷ்டம்.

ஆகவே என் வகுப்பென்றால் முதல் மாதம் பை, வீட்டுப்பாடத்துக்குக் கோலாப். மூன்றாவதற்கு பிரிட்டனைப் பாருங்கள்: ஆர்ச்சர்-2 சூப்பர் கம்ப்யூட்டருக்கு 'டிரைவிங் டெஸ்ட்' என்றே ஆன்லைன் தேர்வு வைத்திருக்கிறார்கள். தேறினால், அளவான நேரத்துக்கு ஓட்டிப் பார்க்க விண்ணப்பிக்கலாம். பரம் பொருளுக்கும் அப்படி ஒரு எல்.எல்.ஆர். கொடுத்தால் முதல் ஆளாக என் மாணவர்களை அனுப்புவேன்.