கடுவன் பூனை: கருத்தடை செய்வதா, அப்படியே விடுவதா?

கருத்தடை செய்த கடுவனுக்கும் செய்யாததற்கும் ஐந்தாறு மாதம் வரை வித்தியாசமே தெரியாது. அதன்பிறகுதான் கூத்து.

கருத்தடை செய்யாத கடுவன் வாலைக் கம்பம்போல் தூக்கி, நுனி நடுநடுங்க, பின்பக்கமாகக் கதவில் சிறுநீரைப் பீய்ச்சும். குட்டியில் அடித்த நாற்றமல்ல இது. சிறுநீரில் உள்ள ஃபெலினின் என்ற அமினோ அமிலம் சிதையும்போது கிளம்பும் நெடி. பருவம் வந்த கடுவனிடம் அது மிக அதிகம். எத்தனை முறை கழுவினாலும் அதே இடத்துக்கு வந்து மறுபடி முத்திரை குத்திவிட்டுப் போகும். இரவெல்லாம் ஊர் சுற்றும், சண்டைக்கு நிற்கும். கடிபட்ட இடம் மேலே ஆறியதுபோல் இருக்கும். உள்ளே சீழ் கட்டும். பூனைகளின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும் எஃப்ஐவி கிருமியும் பெரும்பாலும் கடியில்தான் பரவுகிறது. ஆனால் அந்த உப்பிய கன்னமும் தடித்த கழுத்தும் தனி கம்பீரம்தான், மறுப்பதற்கில்லை.

கருத்தடை செய்தது வீட்டோடு கிடக்கும். பெரும்பாலானவை பீய்ச்சுவதை நிறுத்திவிடும். சில மட்டும் விடாது. அறுவை முடிந்த மறுநாளே மாறிவிடும் என்று நினைக்காதீர்கள், ஹார்மோன் அடங்கச் சில வாரம் ஆகும். அதுவரை பெண் பூனையிடமிருந்து தள்ளியே வையுங்கள். பசி கூடும், உடல் போடும். சாப்பாட்டை அளந்து வைக்காவிட்டால் தலையணை மாதிரி ஆகிவிடும்.

சிறுநீர்க் குழாய் குறுகலாக இருப்பதால் அடைப்பு வரும் ஆபத்து இரண்டுக்கும் உண்டு. முக்கியும் சொட்டு வரவில்லையென்றால் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

என் ஓட்டு கருத்தடைக்கே.