கேட்கத் தெரிந்தவர்கள்: அண்மைத் தமிழ்ப் படங்களின் நடிப்பு குறித்து

ஒரு நடிகர் வசனம் பேசும் விதத்தைக் காட்டிலும், எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் முகம் என்ன செய்கிறது என்பதையே நான் முதலில் கவனிப்பேன். நம்மிடையே நடிப்பைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் வசன உச்சரிப்பு, வேடத்துக்காக உடல் எடையைக் கூட்டியது, குறைத்தது, சண்டைக் காட்சியில் பட்ட அடி ஆகியவற்றைச் சுற்றியே நடக்கிறது. கேட்டுக்கொண்டிருப்பதும் நடிப்புதான் என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் 2023ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து வந்த தமிழ்ப் படங்களில் என் மனத்தில் தங்கியவற்றை எண்ணிப் பார்த்தால், அவற்றில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் கேட்கத் தெரிந்த நடிகர் ஒருவராவது இருக்கிறார்.

2024 செப்டம்பர் 27 அன்று வெளியான ‘மெய்யழகன்’ இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. தஞ்சாவூரில் இருந்த பூர்வீக வீட்டைச் சொந்தக்காரர்களுக்குள் எழுந்த சொத்துத் தகராறில் இழந்து, 1996இல் சென்னைக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தின் மகன் அருள்மொழி. அதற்குப் பிறகு ஊர்ப்பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதவர், இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, தங்கை முறையுள்ள புவனாவின் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். மண்டபத்தில் “அத்தான்” என்று அழைத்தபடி வந்து ஒட்டிக்கொள்ளும் இளைஞன் யாரென்று அவருக்குத் தெரியவில்லை; கேட்கவோ கூச்சம். இரவே சென்னைக்குத் திரும்பிவிட நினைத்தவர் பேருந்தைத் தவறவிட்டு, பெயர் தெரியாத அந்த உறவினனின் வீட்டில் தங்க நேர்கிறது. வில்லனும் சண்டையும் இல்லாத கதை இவ்வளவுதான்.

அந்த இளைஞனாக வரும் கார்த்தி மூச்சுவிடாமல் பேசுகிறார். அருள்மொழியாக வரும் அரவிந்த் சாமிக்கு அமைந்த வேலை கேட்பது. ‘தளபதி’ (1991), ‘ரோஜா’ (1992), ‘பம்பாய்’ (1995) ஆகிய படங்களின் காலத்தில் அழகுக்காகவே அதிகம் புகழப்பட்டு, பின்னர் நீண்ட காலம் திரைப்படத்தை விட்டு விலகியிருந்து, ‘கடல்’ (2013) படத்தின் வழியாகத் திரும்பி, ‘தனி ஒருவன்’ (2015) படத்தில் வில்லனாக மிடுக்குக் காட்டியவருக்கு, இப்படி முற்றிலும் ஒடுங்கி நிற்கும் வேடம் இதற்கு முன் வாய்த்ததாக எனக்கு நினைவில்லை. தங்கைக்கு அவர் கொண்டுவந்த நகைகள் மேடையிலேயே பிரிக்கப்படும் காட்சியைத்தான் எல்லாரும் சிலாகிக்கிறார்கள். என் மதிப்பில் அதைவிட ஒரு படி மேலே நிற்பது மிதிவண்டியைப் பற்றிய காட்சி. அருள்மொழியின் குடும்பம் ஊரை விட்டுப் போனபோது கைவிட்டுச் சென்ற பழைய மிதிவண்டி, தன் குடும்பத்தை எப்படித் தூக்கிநிறுத்தியது என்று கார்த்தி சொல்லிக்கொண்டே போகிறார். நன்றிக்கு உரியவர் நாம்தானா என்ற திகைப்பு, இவ்வளவு அன்புள்ளவனின் பெயர்கூடத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறோமே என்ற குறுகுறுப்பு, இழந்ததாக நினைத்த ஊரில் தன் பொருள் ஒன்று இத்தனை காலமும் பேணப்பட்டிருக்கிறது என்று அறியும் நெகிழ்ச்சி ஆகிய மூன்றும் அரவிந்த் சாமியின் முகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. அவர் எதையும் செய்து காட்ட முயலாததால்தான் அது நம்பும்படியாக இருக்கிறது.

இயக்குநர் சி. பிரேம்குமார் அடிப்படையில் ஒளிப்பதிவாளர். ‘நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்’ (2012) படத்தைப் படமாக்கியவர். முதலில் இயக்கிய ‘96’ (2018) படத்திலும் ஓர் இரவுப் பேச்சைத்தான் நம்பியிருந்தார். முகத்தின் மேல் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று தெரிந்த கண் அவருடையது. பேச்சை எங்கே நிறுத்தலாம் என்பதில்தான் அவருக்குத் தடுமாற்றம். நீளம் குறித்த முணுமுணுப்பு எழுந்ததும், வெளியான சில நாட்களிலேயே ஏறத்தாழ 18 நிமிடங்கள் வெட்டப்பட்டன. சோழர் பெருமை பேசும் பகுதிகளில் கார்த்தியின் பாத்திரம் நழுவிப்போய், இயக்குநரே உள்ளே புகுந்து பேசுவதுபோல ஒலிக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் சாப்பாட்டையும் மாட்டையும் பாம்பையும் பற்றி கார்த்தி வெள்ளந்தியாகப் பேசும் இடங்கள் எவ்வளவு நீண்டாலும் தகும். ‘பொன்னியின் செல்வன்’ படங்களில் வந்தியத்தேவனாகக் குதிரையேறி வந்த கார்த்தி, இங்கே அருள்மொழி என்ற பெயருள்ள தஞ்சாவூர்க்காரரை “அத்தான், அத்தான்” என்று சுற்றிவருவது தற்செயலாக இருக்காது என்றே நினைக்கிறேன். கமல்ஹாசன் பாடிய ‘யாரோ இவன் யாரோ’ பாடலும் கோவிந்த் வசந்தாவின் இசையும் படத்துக்குப் பெருந்துணை. சில இடங்களில் அந்த இசையும் சற்று முன்கூட்டியே அழத் தொடங்கிவிடுகிறது.

அதற்கு ஒரு வாரம் முன்பு, செப்டம்பர் 20 அன்று வந்த ‘லப்பர் பந்து’, திரையரங்கில் என்னை அதிகமாக மகிழ்வித்த படம். தமிழரசன் பச்சமுத்துவின் முதல் படம் இது. ரப்பர் பந்துக் கிரிக்கெட்டில் ஊர் ஊராகப் போய்ப் பேரெடுத்த மட்டையாளர் கெத்து என்கிற பூமாலை. அவருடைய ஆட்டத்தில் உள்ள பலவீனத்தைப் போகிறபோக்கில் சொல்லிவிடும் இளம் பந்துவீச்சாளன் அன்பு. அந்த அன்பு காதலிப்பது கெத்துவின் மகளை. இந்த முடிச்சை வைத்துக்கொண்டு நாலு சண்டையும் ஒரு சமரசமும் என்று எளிதாக முடித்திருக்கலாம். படம் அதைவிட ஆழமாகப் போய், யாரை அணியில் சேர்க்கிறார்கள், யாரை வெளியே நிறுத்துகிறார்கள் என்பதில் சாதி எப்படி வேலை செய்கிறது என்பதை, உரையாற்றாமல், ஆட்டத்தின் போக்கிலேயே சொல்கிறது.

‘அட்டகத்தி’ (2012), ‘குக்கூ’ (2014), ‘விசாரணை’ (2016) என்று நல்ல தொடக்கம் அமைந்தும் இடையில் கவனத்திலிருந்து விலகிப்போயிருந்த தினேஷ், கல்யாண வயதில் மகளுள்ள தகப்பன் வேடத்தை ஏற்றதே துணிச்சல். ‘பொன்மனச் செல்வன்’ (1989) படத்தில் விஜயகாந்துக்காக இளையராஜா அமைத்த ‘நீ பொட்டு வச்ச தங்கக் குடம்’ ஒலிக்க அவர் மைதானத்துக்குள் நடந்துவரும்போது அரங்கம் அதிர்ந்தது உண்மை. ஆனால் அவர் நடிப்பின் தரம் வெளிப்படுவது வீட்டுக்குள். மனைவி யசோதைக்குத் தெரியாமல் விளையாடப் போய்விட்டு வந்து, அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வழியில்லாமல், பார்வையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவிக்கிறாரே, அந்த இடம். மைதானத்தில் நெஞ்சை நிமிர்த்திய மனிதனின் தோள்கள் வாசற்படியிலேயே இறங்கிவிடுகின்றன. யசோதையாக வரும் சுவாசிகா, மலையாளத்திலிருந்து வந்தவர், வயதுக்கு மிஞ்சிய வேடத்தில் ஒரு பிசிறும் இல்லாமல் நிற்கிறார். அன்புவாக வரும் ஹரிஷ் கல்யாணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்: பெரியவர் ஒருவரின் கோபத்துக்கு எதிரே குரலை உயர்த்தாமல் நின்று, அந்தக் காட்சியை எதிராளிக்கு விட்டுக்கொடுக்கும் பெருந்தன்மை நம் இளம் கதாநாயகர்களில் மிகச் சிலருக்கே உண்டு. இறுதி ஆட்டம் எப்படி முடியும் என்று ஊகிக்க முயல்பவர்களுக்குப் படம் ஒரு நல்ல ஏமாற்றத்தை வைத்திருக்கிறது.

அதே ஹரிஷ் கல்யாண் எம்.எஸ். பாஸ்கருடன் மோதிய ‘பார்க்கிங்’ (2023 டிசம்பர் 1) படத்தில் நிலைமை தலைகீழ். ஒரே வீட்டின் மேல்தளத்திலும் கீழ்த்தளத்திலும் வாடகைக்கு இருக்கும் இரண்டு ஆண்கள், ஒரு கார் நிறுத்தும் இடத்துக்காகக் கேட்பதையே நிறுத்திக்கொள்கிறார்கள். மனைவி சொல்வது, மகள் சொல்வது, வீட்டு உரிமையாளர் சொல்வது எதுவும் அவர்கள் காதில் ஏறுவதில்லை. கைசுத்தமான அரசு அலுவலராகவும் சிக்கனத்தையே ஒழுக்கமாக நம்புபவராகவும் வரும் எம்.எஸ். பாஸ்கர், பிறர் பேசும்போது தாடையை மட்டும் இறுக்கிக்கொண்டு, அவர்கள் எப்போது முடிப்பார்கள் என்று காத்திருப்பார். கேளாமையை இவ்வளவு நுணுக்கமாக நடித்துக் காட்டியவர்கள் குறைவு. பின்னணிக் குரல் கொடுத்தும், தொலைக்காட்சித் தொடர்களில் சிரிக்க வைத்தும், ‘மொழி’ (2007), ‘8 தோட்டாக்கள்’ (2017) போன்ற படங்களில் அழ வைத்தும் நெடுங்காலம் உழைத்தவருக்கு, 2025 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட 71ஆவது தேசிய திரைப்பட விருதுகளில் சிறந்த துணை நடிகர் விருது இந்தப் படத்துக்காகக் கிடைத்தது. சிறந்த தமிழ்ப் படமும் இதுவே; இயக்குநர் ராம்குமார் பாலகிருஷ்ணனுக்குத் திரைக்கதை விருதும் வந்தது. விருது சரி, துணை நடிகர் என்ற வகைதான் எனக்கு உடன்பாடில்லை. படத்தின் பாதிப் பாரத்துக்கு மேல் சுமந்தவர் அவர். கடைசி அரைமணி நேரத்தில் பகை வளரும் வேகத்தைத் திரைக்கதை மிகையாகத் தூக்கிவிட்டது என்ற குறை இருக்கிறது. அதையும் அவர் முகம் ஓரளவு ஈடுகட்டிவிடுகிறது.

‘கொட்டுக்காளி’ (2024 ஆகஸ்ட் 23) இவற்றில் மிகக் கடினமான படம். ‘கூழாங்கல்’ எடுத்த பி.எஸ். வினோத்ராஜின் இரண்டாவது படைப்பு. வெளியாவதற்கு முன்பே பெர்லின் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. பின்னணி இசை கிடையாது. வேறு சாதி இளைஞனை விரும்பும் மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவுகட்டி, சாமியாடி ஒருவரிடம் அழைத்துப்போகும் குடும்பத்தின் ஒரு பகல் பயணமே படம். மீனாவாக வரும் அன்னா பென்னுக்கு வசனம் என்று சொல்லத்தக்கது அநேகமாக இல்லை. சுற்றிலும் எல்லாரும் அவரைப் பற்றியே பேசுகிறார்கள், அவர் பதிலே தருவதில்லை. அவருக்கு நிச்சயிக்கப்பட்ட பாண்டியாக வரும் சூரிக்குத் தொண்டை கட்டிப்போய், கழுத்தில் சுண்ணாம்பு தடவிய நிலையில், குரல் கரகரத்து வெளிவருகிறது. ‘வெண்ணிலா கபடி குழு’ (2009) பரோட்டாக் காட்சியால் பெயர்பெற்று, ஓயாத பேச்சாலேயே பிழைத்த ஒரு நடிகரிடமிருந்து இயக்குநர் முதலில் பறித்தது அந்தக் குரலைத்தான். ‘விடுதலை’ (2023) படத்தில் வெற்றிமாறன் அவரைத் திருப்பிவிட்ட பாதையில் இது அடுத்த கட்டம். பாண்டி கொடூரமாக நடந்துகொள்ளும் இடத்திலும் அவனை நம்மால் முழுவதும் வெறுத்து ஒதுக்க முடியாதபடி சூரி வைத்திருப்பது சாதாரணத் திறமை அன்று. விடை சொல்லாமல் முடிகிறதே என்று அரங்கில் சிலர் சலித்துக்கொண்டார்கள். என்னைக் கேட்டால், அந்த முடிவை வேறு எவ்விதமாக வைத்திருந்தாலும் படம் சிறுத்துப்போயிருக்கும். அதே நாளில் மாரி செல்வராஜின் ‘வாழை’யும் வந்து, கூட்டத்தின் பெரும்பங்கை எடுத்துக்கொண்டது. அது அந்தப் படத்தின் குற்றமன்று. அதில் நடித்த சிறுவர்கள் இருவரும் மிக இயல்பாக இருந்தார்கள்.

விஜய் சேதுபதியின் 50ஆவது படமான ‘மகாராஜா’ (2024 ஜூன் 14) பெருவெற்றி பெற்றது, சீனாவிலும் வெளியானது. காவல் நிலையத்தில் அடியும் ஏச்சும் வாங்கிக்கொண்டு, அசையாத முகத்துடன் குப்பைத் தொட்டியைத் தேடித்தரச் சொல்லும் முடிதிருத்துநராக அவர் தன்னை மிகவும் அடக்கிக்கொண்டார். சிங்கம்புலியை இனிப் பழைய சிரிப்போடு பார்க்க முடியாது என்பது தனிக்கதை. ஆனால் ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமையைத் திரைக்கதையின் திருப்பத்துக்காக ஒளித்துவைத்து எடுத்துக்காட்டிய சாமர்த்தியம் எனக்கு உவக்கவில்லை. மறுமுறை பார்க்கவும் மனம் வரவில்லை. ‘அமரன்’ படத்தைப் பொறுத்தவரை, சாய் பல்லவி திரையில் இருக்கும் நேரமெல்லாம் அது நல்ல படம்.

2025 மே 1 அன்று வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’, இலங்கையிலிருந்து படகேறி வந்து சென்னையில் ஒளிந்து வாழும் குடும்பத்தின் கதை. அபிஷன் ஜீவிந்துக்கு அது முதல் படம். பிள்ளைகளும் அக்கம்பக்கத்தாரும் பேசுவதைச் சிரித்த முகத்தோடு கேட்கும் சசிகுமார் நன்றாகவே பொருந்துகிறார். வாய் திறந்ததும் ஈழத்துப் பேச்சு ஒரு காட்சியில் கூடியும் அடுத்த காட்சியில் குறைந்தும் தள்ளாடுகிறது. சிம்ரன் அளவோடு நடித்திருக்கிறார். தெருவிலுள்ள அத்தனை பேரும் இவ்வளவு விரைவில் திருந்திவிடுவது இனிப்பை அள்ளிக் கொட்டிய பாயசம். முதல் கரண்டி தித்திக்கும், மூன்றாவது திகட்டும்.

கடைசியாக ஒரு பெயர். ‘லப்பர் பந்து’ படத்தில் கெத்துவின் தாயாக, கோபித்துக்கொண்டு போன மருமகளை அழைத்துவரச் செல்லும் மாமியாராக வந்த கீதா கைலாசத்தை, அம்மா வேடம் என்ற ஒரு சொல்லுக்குள் அடைத்துவிடுவதுதான் நம் வழக்கம். பெருமாள்முருகனின் ‘கோடித்துணி’ சிறுகதையைத் தழுவி விபின் ராதாகிருஷ்ணன் இயக்கிய ‘அங்கம்மாள்’ படத்தில் அவரே நாயகி. ரவிக்கை அணியாமலே வாழ்ந்துவிட்ட ஒரு கிராமத்துப் பெண்ணை, படித்துவிட்டு வந்த மகன், சம்பந்தி வீட்டார் முன்னால் மரியாதையாக இருக்க வேண்டும் என்பதற்காக ரவிக்கை போடச் சொல்கிறான். வீட்டார் ஒவ்வொருவரும் தத்தம் நியாயத்தை எடுத்துச் சொல்ல, கீதா கைலாசம் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்கிறார். மசிந்தாரா, மறுத்தாரா, மகனைப் பார்த்து உள்ளுக்குள் சிரிக்கிறாரா என்பதை எளிதில் பிடிகொடுக்காமல் வைத்திருக்கிறார். மேலே சொன்ன படங்களில் ஒன்றைக்கூட இன்னும் பார்க்காதவர்கள் இருந்தால், இதிலிருந்து தொடங்கலாம். ‘மெய்யழகன்’ படத்தை அடுத்த வாரம் பார்த்தாலும் பாதகமில்லை.