நம்பர் சரிதான், பெட்டிதான் பொய்

ஏமாந்த கதைதான். ஆனால் ஒன்றும் தெரியாமல் போய் விழுந்த கதை இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டு, பார்க்க வேண்டியதைப் பார்த்து, நம்பரையும் சரிபார்த்துவிட்டுத்தான் பணத்தை அனுப்பினேன். அந்த நம்பர்தான் என்னைக் கவிழ்த்தது. கிரேடு செய்த பழைய கார்டு ஒன்று வாங்க வேண்டும் என்று மாதாமாதம் பணம் ஒதுக்கி வைப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். (கிரேடு என்பது, ஒரு நிறுவனம் கார்டு அசல்தானா என்று பார்த்து, அதன் நிலைக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, நம்பர் உள்ள லேபிளோடு பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடித் தருவது.)

வாங்கியது சாரிசார்ட். போகிமான் கார்டுகளின் ஆங்கிலப் பதிப்பில் முதல் செட், 1999. கீழ் மூலையில் 4/102 என்று இருக்குமே, அதுதான். முதல் பதிப்பு முத்திரை உள்ளதை நான் கனவில்கூட நினைக்கவில்லை. பிற்பாடு ஏராளமாக அச்சடித்த, முத்திரை இல்லாத சாதாரண அச்சு. அந்தக் காலத்தில் ஒரு பேக்கில் 11 கார்டு. ஏறக்குறைய மூன்று பேக்குக்கு ஒன்றில்தான் மினுங்கும் ஹோலோ வரும். செட்டில் ஹோலோ மொத்தம் 16, அதில் ஒன்று இது. எனக்கு வந்தது நிடோகிங், வேறொரு ஹோலோ. மறுபடி நிடோகிங். மூன்றாவது முறையும் நிடோகிங். கார்டுகளை வெறுங்கையால் எண்ணி, ரப்பர் பேண்ட் போட்டு, கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு திரிந்தோம். மூலை மடங்கிவிட்டது என்று யாரும் அழுததாக ஞாபகம் இல்லை.

சம்பாதிக்க ஆரம்பித்ததும் 'இப்போது என்ன, ஒன்று வாங்கிவிட்டால் போயிற்று' என்று ஒரு தைரியம் வந்தது. 2020 அந்தத் தைரியத்தைத் தின்றுவிட்டது. ஊரடங்கில் எல்லோரும் வீட்டுக்குள். பரணில் கிடந்த டப்பாக்கள் கீழே இறங்கின. பிரபலங்கள் பழைய பேக் பெட்டிகளை நேரலையில் உடைத்தார்கள். 2021 மார்ச்சில் பிஎஸ்ஏ என்ற கிரேடிங் நிறுவனம், மதிப்பிடச் சொல்லி வந்து குவிந்த கார்டுகளைச் சமாளிக்க முடியாமல் பெரும்பாலான சேவைகளை நிறுத்தி வைத்தது. அதே ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் டார்கெட் கடைகள், கார்டு வாங்க வந்தவர்களுக்குள் அடிதடியே நடந்த பிறகு, கடையில் வைத்து விற்பதை நிறுத்தின. 2022 ஆகஸ்டில் பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் 1952 கார்டு ஒன்று 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதற்கும் என் சாரிசார்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் இப்படி ஒரு செய்தி வந்தால் அடுத்த நாளே கையில் பழைய கார்டு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் விலையை ஏற்றிச் சொல்கிறார்கள்.

விலை ஏறியது ஒரு பக்கம். கார்டு சேகரிக்கும் எங்கள் இணையக் குழுவில் பேச்சே மாறிப்போனது இன்னொரு பக்கம். முன்பெல்லாம் ஒருவர் புதிதாக ஒரு கார்டின் படத்தைப் போட்டால் 'அட, இந்தப் படம் எவ்வளவு அழகு' என்பார்கள். இப்போது முதல் கேள்வி 'கிரேடுக்கு அனுப்பினால் எத்தனை வரும்?' இரண்டாவது, 'போன வாரம் எவ்வளவுக்குப் போனது?' தன் குழந்தை பேக் பிரிக்கும் வீடியோவை ஒருவர் போட்டிருந்தார். கீழே பத்துப் பேர், குழந்தை கார்டை விரலால் தொடுகிறது என்று கத்தியிருந்தார்கள். நானும் உள்ளுக்குள் கத்தினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. விற்பதற்காக இல்லை என்று சொல்லிக்கொண்டே தினமும் விலைப் பட்டியலைத் திறந்து பார்ப்பவன் நான். அந்த மனநிலையில் இருப்பவனை ஏமாற்றப் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை.

விற்றவரும் அந்தக் குழுவில் இருந்தவர்தான். பெயர் சொல்லப்போவதில்லை. அவரிடம் நான் முன்பே இரண்டு முறை சில்லறைக் கார்டுகள் வாங்கியிருந்தேன். சொன்ன நாளில் வந்தன, உறை போட்டு, அட்டை வைத்து, ஒழுங்காக. அதனால் '7 கிரேடு சாரிசார்ட் ஒன்று இருக்கிறது, அவசரமாகப் பணம் தேவை' என்று அவர் தனிச்செய்தி அனுப்பியபோது சந்தேகமே வரவில்லை. பாதி விலை சொல்லியிருந்தால் உஷாராகியிருப்பேன். அவர் குறைத்தது எட்டில் ஒரு பங்குதான். அவசரக்காரர் குறைப்பது அவ்வளவுதானே.

லேபிளில் இருந்த நம்பரைக் கிரேடிங் நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்த்தேன். அதே கார்டு, அதே வருடம், அதே 7. பழைய நம்பர் என்பதால் அந்தப் பக்கத்தில் கார்டின் படம் இல்லை. அது எனக்கு அப்போது பெரிய விஷயமாகப் படவில்லை. இரண்டு மாதச் சம்பளத்துக்குக் கிட்டத்தட்டச் சமமான தொகை. அனுப்பும்போது அவர் சொன்னது இது: 'அண்ணா, பொருள் வாங்குவதாகப் போட்டால் எனக்குக் கமிஷன் பிடிப்பார்கள். நண்பருக்கு அனுப்புவதாகப் போடுங்கள், அந்தக் கமிஷனையும் உங்களுக்கே கழித்துவிடுகிறேன்.' கழித்தார். நானும் சந்தோஷமாக அனுப்பினேன்.

இரண்டு வாரம் மேசை மேல் வைத்து அழகு பார்த்தேன். பிறகு ஒரு இரவு, வெறும் பெருமைக்காக, இதே நம்பர் முன்பு எப்போதாவது ஏலத்தில் விற்றிருக்கிறதா என்று தேடினேன். கிடைத்தது. சில வருடங்களுக்கு முந்தைய படம். அதே நம்பர், அதே லேபிள். ஆனால் அந்தக் கார்டில் இடது பக்க மஞ்சள் கரை அகலம், வலது கரை ஒல்லி. என்னுடையதில் இரண்டும் ஏறக்குறைய சமம். அச்சான கார்டின் கரை வருடம் போனால் நகருமா? அந்தப் படத்தில் பின்புறம் மேல் மூலையில் ஒரு வெள்ளைப் பொட்டு இருந்தது, கடுகு அளவு. என்னுடையதில் அந்த இடம் முழு நீலம்.

பிறகு பெட்டியைப் பார்த்தேன். அதுவரை பெட்டிக்குள்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், பெட்டியைப் பார்க்கவில்லை. அசல் பெட்டியின் இரண்டு பாதிகளையும் மீயொலியால் உருக்கி ஒட்டுவார்கள். நகம் நுழையாது. இதன் பக்கவாட்டில் கோடு போல ஒரு பிளவு, ஒரு மூலையில் காய்ந்த பசை, விளக்குக்கு நேராகப் பிடித்தால் மட்டும் தெரிகிற மாதிரி. லேபிளின் எழுத்து லேசாகத் தடித்திருந்தது. பக்கத்தில் வேறொரு அசல் பெட்டியை வைத்த பிறகுதான் அதுவும் கண்ணுக்குப் பட்டது.

இங்கேதான் பெரிய முட்டாள்தனம் செய்தேன். கோபத்தில் பெட்டியை உடைத்தேன். கார்டை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கார்டு அசல்! கறுப்பு எழுத்துகள் புள்ளி இல்லாமல் முழுசாக அச்சாகியிருந்தன, வண்ணப் பகுதிகள் புள்ளிபுள்ளியாக. போலிக் கார்டுகளில் பெரும்பாலும் எழுத்தும் புள்ளியாகத்தான் இருக்கும். ஆனால் பின்புற ஓரங்களில் மட்டும் நீலம் வேறு மாதிரி. அசல் நீலத்தில் புள்ளிகள் தெரிந்தன. ஓரத்தில் இருந்த நீலம் ஒரே பட்டையாகக் காகித நாரில் ஊறிக் கிடந்தது. தேய்ந்து வெளுத்துப்போன ஓரத்தை மார்க்கர் பேனாவால் பூசியிருக்கிறார்கள். 3 கிரேடுகூடத் தேறாத, பலர் கையில் உழன்ற ஒரு கார்டுக்கு, வேறொரு கார்டின் நம்பரைத் திருடி 7 என்று பட்டம் கட்டியிருக்கிறார்கள்.

அவரிடம் கேட்டேன். முதலில் பதில் இல்லை. மூன்றாம் நாள், 'நானும் ஒருவரிடம் வாங்கியதுதான். பெட்டியை நீங்களே உடைத்துவிட்டீர்கள், இனி நான் என்ன செய்ய முடியும்?' அதன் பிறகு என்னைத் தடுத்துவிட்டார். பணம் அனுப்பிய சேவையில் புகார் கொடுத்தேன். நண்பருக்கு அனுப்பியதாக நீங்களே குறித்திருக்கிறீர்கள், இதற்குப் பாதுகாப்பு பொருந்தாது என்று முடித்துவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் தவறில்லை.

இதற்கெல்லாம் மேலே ஒன்று நடந்தது. குழுவில் படங்களோடு எழுதினேன். சிலர் ஆறுதல் சொன்னார்கள். வருடக்கணக்காகத் தெரிந்த ஒருவர் எழுதியது: 'அவசரப்பட்டு ஏன் உடைச்சீங்க? நம்பர்தான் சரியா வருதே. அப்படியே அடுத்தவன் தலையில் கட்டியிருக்கலாமே.' அதற்குக் கீழே ஏழு விருப்பக் குறிகள். கிண்டல் என்று நினைத்தேன். இல்லை, நிஜமாகவே யோசனை சொல்லியிருக்கிறார். எனக்கு விற்றவரும் யாரோ அவருக்குச் சொன்ன இதே யோசனையைத்தான் கேட்டாரோ என்னவோ. அவர் பொய்தான் சொன்னார் என்று இப்போதும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பெட்டியை நம்பிக் கெட்டவன் நான் மட்டும் இல்லை என்று தேற்றிக்கொள்ளப் பெரிய இடத்து உதாரணங்களும் இருக்கின்றன. யூடியூபர் லோகன் பால் 35 லட்சம் டாலர் கொடுத்து, நிபுணர்கள் சரிபார்த்ததாகச் சொன்ன பிரிக்காத முதல் பதிப்புப் போகிமான் பேக் பெட்டிகளை வாங்கினார். 2022 ஜனவரியில் திறந்தால் உள்ளே போகிமான் இல்லை, ஜி.ஐ. ஜோ என்ற வேறு கார்டுகள். அவருக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. இன்னும் பழையது ஒன்று: பிஎஸ்ஏ 1991இல் முதன்முதலாக மதிப்பிட்ட கார்டு பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னருடையது, கொடுத்த கிரேடு 8. அதன் ஓரத்தைத் தானே வெட்டிச் சீராக்கியதாக, ஒரு காலத்தில் அதைக் கைமாற்றிய வியாபாரி 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். பிஎஸ்ஏவின் முதல் கார்டே அப்படி.

வாங்கப் போகிறவர்களுக்கு: நம்பர் சரியாக வருவது அந்த நம்பரில் ஒரு கார்டு உலகில் எங்கோ இருக்கிறது என்பதற்குத்தான் சாட்சி. உங்கள் கையில் இருப்பது அதுதானா என்று அது சொல்லாது. தளத்தில் படம் இருந்தால் கரை அகலத்தை அளந்து ஒப்பிடுங்கள். இல்லாவிட்டால் பணம் அனுப்புவதற்கு முன் பழைய ஏலப் படங்களைத் தேடுங்கள், என்னைப் போல இரண்டு வாரம் கழித்து அல்ல. பெட்டியைச் சாய்த்துத் திருப்பி, நான்கு பக்க ஓரமும் தெரிகிற வீடியோ கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். கமிஷன் மிச்சம் என்று யார் சொன்னாலும் நண்பருக்கு அனுப்பும் வழியில் அனுப்பாதீர்கள். சந்தேகம் வந்தால் எக்காரணம் கொண்டும் பெட்டியை உடைக்காதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி. கிரேடு இல்லாத கார்டைக் குறைந்த விலைக்கு வாங்கி, லென்ஸ் வைத்து நீங்களே பார்த்துத் திருப்திப்பட முடியும் என்றால் அதுவே மேல். பிரிக்காத பழைய பேக் பக்கம் போகவே போகாதீர்கள். ஹோலோ இருக்கும் பேக் கொஞ்சம் கனம் கூடும், எடை போட்டுக் கனமானதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் நமக்கு விற்பார்கள்.

போன வாரம் முன்பின் தெரியாத ஒருவர் என் பதிவைப் பார்த்துவிட்டு ஒரு படம் அனுப்பினார். 7 கிரேடு சாரிசார்ட், அதே நம்பர், இன்னொரு பெட்டி, இன்னொரு விற்பவர். இடது கரையைப் பாருங்கள் என்றேன். பார்த்துவிட்டு, வாங்கவில்லை என்று எழுதியிருந்தார்.

என் சாரிசார்ட் இப்போது ஆல்பத்தில், மூன்று நிடோகிங்குகளுக்குப் பக்கத்து உறையில் இருக்கிறது. பின்பக்கம் பென்சிலால் 'ஓரம் பூசப்பட்டது' என்று எழுதிவிட்டேன்.