பழைய மைவி 1.3 ஆட்டோ: சர்வீஸ் முடிந்த கையோடு எஞ்சின் நின்றால்

விலை இறங்கிவிட்டது, ஆட்டோ கியர் உள்ள பழைய பெரோடுவா மைவி கார் வாங்கலாமா என்று மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் பலர் கேட்கிறார்கள். 2005-இல் வந்த முதல் மைவி 1.3-ஐப் பற்றி எல்லாருக்கும் தெரிந்ததைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. டைமிங் பெல்ட் தொல்லை கிடையாது, செயின்தான். சாமான் எந்தச் சின்ன டவுனிலும் கிடைக்கும். தோட்டத்துச் செம்மண் ரோட்டில் எவ்வளவு அடி வாங்கினாலும் எஞ்சின் அசராது. எரிச்சல் ஒன்றே ஒன்றுதான்: நன்றாக ஓடிய கார், ஒர்க்‌ஷாப்பை விட்டு வெளியே வந்ததும் டிராஃபிக் லைட்டில் நின்றுபோவது.

இது காரின் குணமில்லை. ரிப்பேருக்குப் பிறகு வந்த கோளாறு பெரும்பாலும் ரிப்பேரில் கைபட்ட இடத்தில்தான் இருக்கும். அதை விட்டுவிட்டு பிளக், காயில், பெட்ரோல் பம்ப் என்று வரிசையாக மாற்றச் சொல்வார்கள். பில் ஏறும், கார் மறுபடியும் நிற்கும். ஃபோர்மேன்களுக்கும் நாளெல்லாம் அவசரம், புரிகிறது. ஆனாலும் கோபம் வரத்தான் செய்கிறது.

சாமான் மாற்றச் சம்மதிக்குமுன் கார் எப்போது நிற்கிறது என்று கவனியுங்கள். டி கியரில் பிரேக் மிதித்து நிற்கும்போது, ஏர்கோன் கம்ப்ரஸர் ‘டக்’கென்று சேரும் நேரத்தில் நின்றால், காற்று விஷயம். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே ஆர்பிஎம் முள் ஒரே வீச்சில் பூஜ்யத்துக்கு விழுந்தால் மின்சார விஷயம். சூடானபின் நின்று, அரை மணி நேரம் ஆறியதும் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனால், எஞ்சின் சுழல்வதைக் கண்டு சொல்லும் கிராங்க் சென்சாரைச் சந்தேகிக்கலாம். அதற்கு ஸ்கேனரில் பி0335 கோட் விழுந்திருக்கலாம், விழாமலும் போகலாம்.

அதிகம் பார்ப்பது முதல் வகை. பேட்டரி மட்டும் மாற்றிய காரிலும் இது வரும். எஞ்சினுக்குக் காற்று போகும் வாயான த்ரோட்டல் பாடியில் கரி படியப் படிய, ஐடல் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) குறையாதிருக்க, எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈசியு, ஐடல் காற்றைக் கட்டுப்படுத்தும் ஐஎஸ்சி வால்வைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து வைக்கப் பழகியிருக்கும். பேட்டரியைக் கழற்றியதும் அந்தக் கணக்கு அழிந்துபோகும். கரி அங்கேயே இருக்கிறது, கூடுதல் காற்று இல்லை, கார் நிற்கிறது. புதுப் பேட்டரியைக் குறை சொல்லிப் பயனில்லை. த்ரோட்டல் பாடியைச் சுத்தம் செய்ய வேண்டும்.

சுத்தம் செய்தபிறகும் நின்றால் கேஸ்கெட்டைப் பாருங்கள். ஐஎஸ்சி வால்வைக் கழற்றினால் அடியில், காற்று கசியாமல் இடுக்கை அடைக்கும் மெல்லிய கேஸ்கெட் இருக்கும். பழசானது தகடுபோல் காய்ந்து, எடுக்கும்போதே ஓரம் பிய்ந்துவிடும். அதையே திரும்ப வைத்துப் பூட்டினால் அந்த விரிசல் வழியாகக் காற்று இழுக்கும். மைவியில் இருப்பது உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் என்பதால் இப்படிக் காற்று புகுந்தால் ஐடல் முதலில் ஏறும். மிதமிஞ்சி ஏறியதும் ஈசியு பெட்ரோலை வெட்டும், ஐடல் விழும், மறுபடி ஏறும். இப்படி ஊசலாடி, ஏதோ ஒரு விழுதலில் எஞ்சின் நின்றுவிடும். உள்ளே போகும் காற்றின் அளவை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள கார்களில் அதே ஓட்டை பெட்ரோல் கலவையை மெலிய வைத்து நேராகவே நிறுத்தும். கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயை அடித்துத்தான் ஓட்டையைத் தேட வேண்டும் என்றில்லை. சூடான எக்ஸாஸ்ட் பக்கம் அது தீப்பிடிக்கும். சோப்புத் தண்ணீரைத் தெளித்தால் போதும்: ஓட்டை உள்ள இடத்தில் உறிஞ்சும், ஐடல் சத்தம் மாறும். பிரேக் பூஸ்டர் ஹோஸையும், எஞ்சினுக்குள் சேரும் ஆவியைத் திருப்பி இழுக்கும் பிசிவி ஹோஸையும் கையால் அசைத்துப் பாருங்கள், அங்கேயும் காற்று புகலாம். மேப் சென்சார் சாக்கெட் ‘கிளிக்’ சத்தத்தோடு பூட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். கறுப்புப் புகையோடு நின்றால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாம் வகையான மின்சாரக் கோளாறுக்கு, பேட்டரி நெகட்டிவை எஞ்சினோடு இணைக்கும் எர்த் வயரைப் பாருங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வையுங்கள். எஞ்சின் ஓட, ஏர்கோனும் ஹெட்லைட்டும் போட்ட நிலையில் 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. போல்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, இறுக்குங்கள். மேடு பள்ளத்தில் ஓடும் தோட்டத்துக் கார்களில் இது தானாகவும் தளரும்.

எல்லாம் பூட்டியபின் எஞ்சினுக்கு ஐடலைப் பழக்க வேண்டும். ஏர்கோன், விளக்கு எல்லாவற்றையும் அடைத்து, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை எஞ்சினை ஓட விடுங்கள். பிறகு ஏர்கோன் போட்டு 10 நிமிடம். கடைசியாக பிரேக்கை மிதித்தபடி டி கியரில் சில நிமிடம். ஒர்க்‌ஷாப்பில் இதற்குப் பொறுமை இருப்பதில்லை.

செம்பனைக் குலை லாரிக்குப் பின்னால் இறக்கத்தில் ஊர்ந்துபோகும்போது நின்றுவிட்டால் ஸ்டியரிங் கல்லாகிவிடும், மைவிக்கு எலக்ட்ரிக் ஸ்டியரிங். பிரேக் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் இலேசாக இருக்கும். விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக அழுத்தி நிறுத்துங்கள்.

வாங்கலாமா என்றால், இவ்வளவு நல்ல எஞ்சினாக இருந்தும், ஆட்டோ வேண்டாம் என்றுதான் இன்றைக்குச் சொல்வேன். மேனுவல் கிடைத்தால் எடுங்கள். நிற்கும்போது கியர்பாக்ஸ் சுமை ஐடலில் ஏறாது. ஏற்கெனவே ஆட்டோ வைத்திருப்பவர்கள் விற்க வேண்டாம். அடுத்த முறை த்ரோட்டல் பாடி கழற்றும்போது புதுக் கேஸ்கெட்டை நீங்களே வாங்கிக் கொடுத்து, பழையதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.