வாரிய வீட்டுக்கு ‘டோக்கன்’ வாங்கித் தருவதாகச் சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்

நீலகிரி மாவட்டத்தின் நகராட்சிப் பகுதி ஒன்றில் வசிக்கும் என் தாயாரிடம், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்கித் தருவதாகச் சொல்லி, 2022 செப்டம்பரில் தொடங்கி 2023 மார்ச் வரை மூன்று முறை பணம் வாங்கப்பட்டது. மொத்தம் 1,20,000 ரூபாய். வீடு கிடைக்கவில்லை. அவர் பெயரில் ஒரு விண்ணப்பம்கூட எந்த அலுவலகத்துக்கும் போய்ச் சேரவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. புகார் விசாரணையில் இருப்பதால் ஊரின் பெயரையும் அந்த ஆளின் பெயரையும் இங்கே எழுதவில்லை. ஆனால் அதே ஆள் இப்போது பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தைச் சொல்லிக்கொண்டு அடுத்த வார்டுகளில் பெயர் எழுதி வருவதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் இனியும் பேசாமல் இருப்பது தவறு என்று இதை எழுதுகிறேன்.

என் தாயார் முப்பத்தொரு ஆண்டுகள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். பணி ஓய்வு பெற்றதும் தோட்டத்து லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. அதன் பிறகு சரிவின் விளிம்பில், தகரக் கூரை போட்ட இரண்டு அறைகளில் வாடகைக்கு இருக்கிறார். 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர், அச்சனக்கல் பகுதிகளில் மண் சரிந்து மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நேரில் பார்த்தவர்கள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் விடாமல் மழை பெய்தால், என் தாயார் இரவில் விளக்கை அணைக்காமல், பின்சுவரில் ஈரம் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். கான்கிரீட் கூரை போட்ட வீடு ஒன்று வேண்டும் என்ற அவருடைய ஆசையைப் பேராசை என்று யாரும் சொல்ல முடியாது. ஏமாற்றுபவர்கள் இப்படிப்பட்ட ஆசை இருக்கும் வீடாகப் பார்த்துத்தான் வருகிறார்கள்.

வந்தவர் முன்பின் தெரியாதவர் அல்லர். வார்டில் சாக்கடை வேலை, நடைபாதைப் படி வேலை போன்றவற்றைச் சிறு ஒப்பந்தமாக எடுத்துச் செய்பவர். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை மனு எழுதிக் கொடுத்தவர். “அம்மா, நகராட்சியில் அனுப்புகிற பட்டியலில் இரண்டு பெயர் விடுபட்டிருக்கிறது. உங்கள் பெயரைச் சேர்த்துவிடலாம். வெளியே சொன்னால் நாலு பேர் போட்டிக்கு வந்துவிடுவார்கள்” என்றாராம். விண்ணப்பச் செலவு என்று முதலில் 5,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, ஆதார், குடும்ப அட்டை நகல்களையும் எடுத்துப் போனார். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணத்தில் பெறக்கூடிய வருமானச் சான்றுக்கு அதில் 1,500 ரூபாய் கணக்குக் காட்டினார். இரண்டாவது முறை, பயனாளி பங்களிப்பின் முதல் தவணை என்று 40,000 ரூபாய். மூன்றாவது முறை, வீட்டு எண் முடிவாகிவிட்டது, இரண்டு நாளில் கட்டாவிட்டால் வேறு ஒருவருக்குப் போய்விடும் என்று சொல்லி 75,000 ரூபாய். என் தாயார் தம் பணிக்கொடையில் மிச்சம் வைத்திருந்ததைக் கொடுத்தார். போதாததற்கு ஒரு சங்கிலியை அடகு வைத்தார்.

நான் அப்போது திருப்பூரில் வேலையில் இருந்தேன். தொலைபேசியில் கேட்டபோதெல்லாம், “வீட்டையே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்” என்றுதான் சொன்னார். அது உண்மைதான். அந்த ஆள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய், சாரம் பிரிக்காத வாரியக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் ஒரு வீட்டைக் காட்டியிருக்கிறார். காவலாளி வணக்கம் சொல்லிக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். சமையலறை ஜன்னலோரம் நின்று, அடுப்பை எங்கே வைப்பது, அரிசி டிரம்மை எங்கே வைப்பது என்று என் தாயார் கணக்குப் பார்த்திருக்கிறார். கட்டடம் உண்மையானது என்பதால் ஆளும் உண்மையானவர் என்று நம்பிவிட்டார்.

அவர் கையில் கொடுக்கப்பட்டவை இரண்டு தாள்கள். ஒன்று, பிளாக் எண்ணும் கதவு எண்ணும் பேனாவால் எழுதிய ‘டோக்கன்’. மற்றொன்று, வட்ட முத்திரையுடன் கூடிய ஒதுக்கீட்டு ஆணையின் ஒளிநகல். பொங்கல் விடுமுறைக்கு வந்தபோது டோக்கனை நான் பார்த்தேன், எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. மார்ச்சில் தந்த ஆணையின் நகலை மே மாதம்தான் கையில் வாங்கி நிதானமாகப் படித்தேன். முத்திரையில் ‘குடிசை மாற்று வாரியம்’ என்று இருந்தது. 1970-இல் தொடங்கப்பட்ட அந்த வாரியத்துக்கு 2021-லேயே ‘தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ என்று பெயர் மாற்றப்பட்டுவிட்டது. 2023-ஆம் ஆண்டுத் தேதியிட்ட ஆணையில் பழைய பெயர் எப்படி இருக்கும்? அதற்குக் கீழே ‘தொகை ரொக்கமாகப் பெறப்பட்டது’ என்ற வரியும் இருந்தது. வாரியத்துக்குச் செலுத்த வேண்டிய பங்களிப்பை வரைவோலையாகவோ வங்கி வழியாகவோ வாரியத்தின் கணக்கில் செலுத்த வேண்டும். இடையில் ஒரு மனிதரின் கைக்கு ரொக்கமாகப் போகிற பணத்துக்கும் வாரியத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இந்த வீடுகள் யாருக்கு, யாரால், எப்படித் தரப்படுகின்றன என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தால் இந்தப் பணம் போயிருக்காது. எனவே அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். 2015 ஜூன் 25 அன்று தொடங்கப்பட்ட பிரதமர் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் ஒரு பிரிவின்கீழ், இத்தகைய அடுக்குமாடி வீடு ஒவ்வொன்றுக்கும் ஒன்றிய அரசு 1,50,000 ரூபாய் தருகிறது. மாநில அரசு தன் பங்கைத் தருகிறது. மீதியைத்தான் பயனாளி கட்ட வேண்டும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3,00,000 ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது. நாட்டில் எங்கும் குடும்பத்தில் யார் பெயரிலும் நிரந்தர வீடு இருக்கக் கூடாது. குடும்பத் தலைவியின் பெயரிலோ கூட்டுப் பெயரிலோ ஒதுக்குவதே திட்டத்தின் விதி. கட்டுவதும் ஒதுக்குவதும் வாரியம். நகராட்சியின் வேலை வேறு. ஓடைக்கரையிலும் சரிவிலும் குடியிருப்போரைக் கணக்கெடுப்பது, விவரங்களைச் சரிபார்ப்பது, பட்டியல் தயாரிக்க உதவுவது, குடியேறிய பின் தண்ணீரும் தெருவிளக்கும் குப்பை அகற்றலும் பார்த்துக்கொள்வது ஆகியவைதான் அதன் பொறுப்பு. எந்தக் கதவு எண் யாருக்கு என்பது பொதுவாகப் பயனாளிகளின் முன்னிலையில் குலுக்கலில் தீர்மானிக்கப்படும். ஆகவே, குலுக்கலுக்கு முன்பே கதவு எண்ணை எழுதிக் கொடுப்பவர் பொய் சொல்கிறார் என்று தயங்காமல் முடிவு செய்யலாம்.

நகராட்சிதான் வீடு கொடுக்கிறது என்ற எண்ணம் எங்கள் வீட்டில் வேரூன்றியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் சித்தி மகள் இங்கிலாந்தில் செவிலியராக இருக்கிறாள். அவளுடைய பக்கத்து வீட்டுக்காரர்கள் உள்ளாட்சி மன்றத்தின் வீட்டில் மன்றத்துக்கே வாடகை கட்டிக் குடியிருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறாள். அங்கே 1919-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு உள்ளாட்சி மன்றங்களே பெருமளவில் வீடு கட்டி வாடகைக்கு விட்டன. யாருக்கு முன்னுரிமை என்ற விதிகளை ஒவ்வொரு மன்றமும் வெளியிட்டாக வேண்டும் என்பதும் அங்கே சட்டம். அதைக் கேட்ட என் தாயார், நம் நகராட்சியும் அப்படித்தான், அங்கே ஆளைத் தெரிந்தால் போதும் என்று நினைத்துவிட்டார். இங்கே நகராட்சியின் கையில் ஒதுக்குவதற்கு வீடே கிடையாது என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அதை முதலில் சொல்லியிருக்க வேண்டியவர்கள் நகராட்சி அலுவலகத்தில் இருப்பவர்கள். எனக்கு அந்த ஏமாற்றுக்காரர் மேல் உள்ள கோபத்துக்குக் குறைவில்லாத வருத்தம் அவர்கள் மேலும் உண்டு. 2023 மே, ஜூன் மாதங்களில் நான்கு முறை விடுப்பு எடுத்துக்கொண்டு மலையேறி அந்த அலுவலகத்துக்குப் போனேன். முதல் முறை, சம்பந்தப்பட்டவர் கள ஆய்வுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். இரண்டாம் முறை, பட்டியல் இன்னும் வரவில்லை என்றார்கள். மூன்றாம் முறை, “உங்கள் வார்டு உறுப்பினரைப் பாருங்கள்” என்றார்கள். மூன்று முறையும் டோக்கனை மேசையில் வைத்துக் காட்டினேன். அதைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கூட அது போலி என்று சொல்லவில்லை. நான்காம் முறை, தபால் பிரிவில் இருந்த ஓர் அம்மையார்தான் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது எந்த ஆபீஸ் சீலும் இல்லை. வீடு ஒதுக்குறது நாங்க இல்லை. உடனே போலீஸ்ல குடுங்க” என்று மெதுவாகச் சொன்னார். இந்த வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் எழுதி வாசலில் ஒட்டியிருந்தால், என் தாயாரைப் போன்றவர்கள் எத்தனை பேர் தப்பித்திருப்பார்கள்! 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், மானியத் திட்டங்கள் எப்படிச் செயல்படுத்தப்படுகின்றன, பயனாளிகள் யார் என்ற விவரங்களை யாரும் கேட்காமலேயே வெளியிடும்படி அதன் 4-ஆம் பிரிவில் சொல்கிறது. பயனாளிகளின் பட்டியல் சுவரில் ஒட்டப்பட்டிருந்தால், “விடுபட்ட இரண்டு பெயர்” என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

அன்றே 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, என் தாயாரின் பெயரில் விண்ணப்பம் எதுவும் பெறப்பட்டதா என்று அதே சட்டத்தின்கீழ் மனு கொடுத்தேன். நகராட்சி அந்த மனுவை 6(3) பிரிவின்படி வாரியத்துக்கு அனுப்பியது. அவ்வாறு உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்புவதற்கு ஐந்து நாள் கெடு இருக்கிறது. இரண்டு இடங்களிலிருந்தும் பதில் வந்தது. விண்ணப்பம் இல்லை, ஒதுக்கீடு இல்லை, டோக்கன் வழங்கும் நடைமுறையும் இல்லை. மாதக்கணக்கில் வாய்மொழியாகக் கிடைக்காத பதில் 10 ரூபாயில் எழுத்தாகக் கிடைத்தது.

சொந்த இடம் வைத்திருப்பவர்களையும் இந்த ஆட்கள் விடுவதில்லை. சொந்த நிலத்தில் தாமே வீடு கட்டிக்கொள்வோருக்கு இத்திட்டத்தின் முதல் கட்டத்தில் ஒன்றிய அரசின் 1,50,000 ரூபாயும் மாநில அரசின் 60,000 ரூபாயும் சேர்த்து 2,10,000 ரூபாய் தரப்பட்டது. அடித்தளம், லிண்டல் மட்டம், கூரை என்று வேலை நடக்க நடக்க, இடக்குறியீட்டுடன் படம் எடுத்துப் பதிவேற்றிய பிறகு பயனாளியின் வங்கிக் கணக்கில் நேரடியாகப் பணம் வரும். எங்கள் மேல்தெருவில் ஒருவரிடம் அந்தப் படம் எடுப்பதற்கென்றே ஒவ்வொரு கட்டத்திலும் 3,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். அப்படி ஒரு கட்டணமே கிடையாது. மலையில் மணலையும் கல்லையும் சாலையிலிருந்து தலைச்சுமையாகப் படியேற்ற வேண்டும், சரிவில் தடுப்புச் சுவர் கட்டாமல் அடித்தளம் போட முடியாது. மானியம் அந்தச் சுவருக்கும் சுமைக்கூலிக்கும்கூடப் போதாத நிலையில், அதிலும் பங்கு கேட்பது கொடுமை. கூடலூர்ப் பக்கத்தில் நிலைமை இன்னும் சிக்கலானது. ஜமீன் போன்ற பழைய ‘ஜென்ம’ நில உடைமையை ஒழித்த 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் சிக்கி, உரிமை முடிவாகாமல் இருக்கும் நிலங்களில் தலைமுறைகளாகக் குடியிருப்போருக்கும் பட்டா இல்லை, பட்டா இல்லாதவர் சொந்த நிலத்தில் கட்டுவோருக்கான இந்த மானியத்தைக் கேட்க முடியாது. “பட்டா இல்லாமலே முடித்துத் தருகிறேன்” என்று அங்கே யாராவது முன்பணம் கேட்டால், அது நடக்காத காரியம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

தகவல் உரிமைச் சட்டப் பதில்களையும் டோக்கனையும் ஒளிநகல் ஆணையையும் இணைத்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். முதலில் மனு ஏற்புச் சீட்டு மட்டும் தந்தார்கள். இரு தரப்பையும் அழைத்துப் பேசிய பிறகு, அந்த ஆள் 30,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். மீதி 90,000 ரூபாய் இன்னும் வரவில்லை. பணம் கொடுத்தபோது சாட்சி இருந்ததா, வங்கியில் எடுத்த பதிவு உண்டா என்று விசாரணையில் கேட்டார்கள். என் தாயார் பணத்தை எடுத்த நாட்கள் வங்கிப் புத்தகத்தில் இருந்ததும், அடகுக் கடைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்ததும்தான் இதுவரை எங்களுக்குத் துணை நிற்கின்றன. இதே ஆளிடம் பணம் கொடுத்த வேறு நான்கு குடும்பங்களைப் பிறகு கண்டுபிடித்தோம். அவமானத்துக்குப் பயந்து, அவர்களில் இரண்டு பேர் டோக்கனைக் கிழித்துப் போட்டுவிட்டார்கள்.

உங்கள் கையில் அத்தகைய தாள் இருந்தால் தயவுசெய்து கிழிக்காதீர்கள். அதன் இரு பக்கங்களையும் படம் எடுத்துக்கொண்டு, பணம் எடுத்த தேதிகளைக் குறித்துக்கொண்டு, உங்கள் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். திங்கட்கிழமைகளில் ஆட்சியர் நடத்தும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் அதன் நகலையும் கொடுத்து, மனு எண் பெறாமல் திரும்பாதீர்கள். நேரில் போக முடியாதவர்கள் முதல்வரின் 1100 உதவி எண்ணில் பதிவு செய்யலாம். வீடு தேவைப்படுவோர், பணம் ஒன்றும் இல்லாமல், அதே திங்கட்கிழமைக் கூட்டத்தில் தனி மனுவாகக் கேட்கலாம். என் தாயாரும் அப்படித்தான் இப்போது கேட்டிருக்கிறார். வீடு வரும் என்று அவரிடம் யாரும் உறுதி சொல்லவில்லை. ஆனால் இந்த முறை அவர் பெயரும் தேதியும் எண்ணும் அலுவலகப் பதிவேட்டில் இருக்கின்றன. அந்த ஏற்புச் சீட்டை அவர் குடும்ப அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறார்.