சீரியல் போர்ட் இல்லாத லேப்டாப், ஆர்எஸ்-232 மட்டுமே உள்ள சிஎன்சி மெஷின்: எதை வாங்கலாம்?

பெங்களூர் பீனியாவில் எங்கள் ஷெட்டில் மூன்று சிஎன்சி மெஷின்கள் (புரோகிராம் படி தானாக உலோகம் வெட்டுபவை) ஓடுகின்றன. அதில் இரண்டு பழையவை. புரோகிராம் ஏற்றுவதும் பாராமீட்டரை (மெஷினின் செட்டிங்குகளை) பேக்கப் எடுப்பதும் 25 பின் ஆர்எஸ்-232 சாக்கெட், அதாவது பழைய வகை சீரியல் போர்ட், வழியாகத்தான். 9 பின் போர்ட் இருந்த பழைய லேப்டாப் போன வருஷம் போய்விட்டது. புதிதில் யூஎஸ்பி தவிர எதுவும் இல்லை. அதிலிருந்து ஒவ்வொரு வழியாக முயன்று பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே சிக்கலோடு பெங்களூரில் எத்தனையோ ஜாப் ஒர்க் ஷெட்கள் இருக்கின்றன.

முதலில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். எஸ்.பி. ரோட்டில் பெயர் தெரியாத யூஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டர் ஒன்று வாங்கினேன். சில நூறு ரூபாய்தான். சின்ன புரோகிராம்கள் எல்லாம் ஒழுங்காகப் போயின. மூன்றாம் நாள் ராத்திரி ஷிஃப்டில், ஒரு மோல்டுக்கான நீளமான புரோகிராமை டிஎன்சியில், அதாவது கம்ப்யூட்டரில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பிக்கொண்டே, ஓடவிட்டிருந்தோம். ஷிஃப்டில் இருந்த கிருஷ்ணகிரிப் பையன் போன் செய்தான்: "அண்ணா, 87 அலாரம் வந்து மெஷின் நின்னுடுச்சு." டூல் நின்ற இடத்தில் ஜாபில் கோடு விழுந்துவிட்டது.

ஃபனுக் கம்பெனியின் கண்ட்ரோலில் (மெஷினை இயக்கும் கம்ப்யூட்டர்) 87 என்றால் பஃபர், அதாவது வரும் எழுத்துகளைத் தற்காலிகமாக வைக்கும் இடம், நிரம்பி வழிந்தது என்று அர்த்தம். மெஷின் தன் பஃபர் நிரம்பப் போகும்போது "நிறுத்து" என்று ஒரு சிக்னல் எழுத்தை அனுப்பும். அதன் பிறகும் 10 எழுத்துகளுக்கு மேல் வந்தால் இந்த அலாரம். பழைய சீரியல் போர்ட்டில் கம்ப்யூட்டர் பெரும்பாலும் சீக்கிரமே நிறுத்திவிடும். யூஎஸ்பியில் எழுத்துகள் ஒவ்வொன்றாகப் போவதில்லை, பொட்டலமாகப் போகின்றன. ஒரு பொட்டலத்தில் 64 எழுத்து வரை இருக்கலாம். "நிறுத்து" வந்து சேர்வதற்குள் ஒரு பொட்டலம் கன்வெர்ட்டருக்குள் போயிருந்தால், அது முழுக்க மெஷினுக்கு வந்துதான் தீரும். புரோகிராம் மெஷின் மெமரிக்குள் அடங்கும் அளவு என்றால் இது பெரும்பாலும் தெரியாது. டிஎன்சியில்தான் கழுத்தைப் பிடிக்கும்.

அப்புறம் எஃப்டிடிஐ என்ற கம்பெனியின் சிப் உள்ள கன்வெர்ட்டருக்கு மாறினேன். விலை பல மடங்கு. ஆனால் அந்த "நிறுத்து" எழுத்தை சிப்பே பார்த்து, அங்கேயே அனுப்புவதை நிறுத்தும் வசதி இதில் உண்டு. அதே மெஷின், அதே கேபிள், அதே புரோகிராம். அலாரம் வரவில்லை. இன்னொரு நன்மையும் இருக்கிறது. நல்ல கன்வெர்ட்டரில் ஒவ்வொன்றுக்கும் தனி சீரியல் நம்பர் இருப்பதால், எந்த யூஎஸ்பி ஓட்டையில் செருகினாலும் அதே காம் போர்ட் நம்பர் (சீரியல் போர்ட்டுக்கு விண்டோஸ் கொடுக்கும் நம்பர்) வரும். சிஹெச்340 போன்ற மலிவு சிப்பில் ஓட்டை மாறினால் நம்பரும் மாறும். ஷிஃப்ட் மாறும்போது அடுத்த ஆபரேட்டர் வேறு ஓட்டையில் செருகிவிட்டு "மெஷின் கனெக்ட் ஆகலை" என்று நிற்பது இதனால்தான்.

பிஎல்2303 சிப் உள்ளவை நடுத்தரம். புதியவை சரியாக வேலை செய்யும். பழைய சிப்பையும் போலிகளையும் புது விண்டோஸ் டிரைவர் ஏற்றுக்கொள்ளாது, டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம்தான் மிஞ்சும். எஃப்டிடிஐயிலும் போலி உண்டு. அதனால் இதை மட்டும் கடைத்தெருவில் பேரம் பேசி வாங்காதீர்கள். ஆட்டோமேஷன் பொருள் விற்கும் டீலரிடம் பில்லோடு வாங்குங்கள்.

மெஷின் பக்கத்தில் டெஸ்க்டாப் வைக்க இடம் இருந்தால் கதையே வேறு. பல டெஸ்க்டாப் மதர்போர்டுகளில் பின்பக்கம் போர்ட் இல்லாவிட்டாலும் போர்டின் மேலேயே காம் பின்கள் இருக்கும். அதற்கு ஒரு பிராக்கெட் கேபிள் போதும், கன்வெர்ட்டரே வேண்டாம். அந்த கேபிளில் இரண்டு விதமான வயரிங் உண்டு, மாற்றி வாங்கினால் பேசாது. பின்கள் இல்லாத போர்டு என்றால் பிசிஐ எக்ஸ்பிரஸ் சீரியல் கார்டு. டிஎன்சிக்கு இந்த இரண்டையும்தான் நான் முதலில் வைப்பேன். பொட்டலம் கட்டும் தொல்லை இதில் இல்லை.

சீரியல் போர்ட்டை நெட்வொர்க்கில் இணைக்கும் ஈதர்நெட் சீரியல் சர்வர் எங்களைப் போன்ற சின்ன ஷெட்டுக்கு அதிகம். பத்து மெஷினை ஆபீஸ் ரூமில் இருந்தே பார்க்க வேண்டிய கம்பெனிக்குச் சரி.

மெஷின் ஃபனுக் 0ஐ வகை என்றால், வாங்குவதற்கு முன்னால் திரைக்குப் பக்கத்தில் மெமரி கார்டு ஸ்லாட் இருக்கிறதா என்று பாருங்கள். காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டை அடாப்டரில் போட்டு, பாராமீட்டர் 20-ஐ 4 என்று மாற்றினால் கார்டில் இருந்தே படிக்கும். சீரியல் கேபிளே தேவையில்லை. எங்கள் மூன்றாவது மெஷினை இப்படித்தான் ஓட்டுகிறோம்.

கன்வெர்ட்டர் எதுவானாலும் எர்த் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். லேப்டாப் ஒரு பிளக்கில், மெஷின் வேறு லைனில் என்றால் இரண்டின் எர்த்துக்கும் நடுவே வோல்டேஜ் வித்தியாசம் இருக்கலாம். அது கேபிள் வழியாகப் பாய்ந்தால் முதலில் போவது மெஷினின் இன்டர்ஃபேஸ் போர்டு. கன்வெர்ட்டர் போனால் வேறு வாங்கலாம், அந்த போர்டு பழைய மெஷினுக்கு லேசில் கிடைக்காது. அதனால் ஐசொலேஷன் (இரண்டு பக்கத்தையும் மின்சார ரீதியாகப் பிரித்து வைப்பது) உள்ள கன்வெர்ட்டர்தான் என் தேர்வு. அது கையில் இல்லாதவர்கள் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் லேப்டாப்பை ஓட்டுங்கள், இரண்டையும் ஆஃப் செய்துவிட்டு கேபிளை மாட்டுங்கள்.

இப்போது மோல்டு ஓடும் மெஷினில் பழைய டெஸ்க்டாப் ஒன்றும் பிராக்கெட் கேபிளும். இன்னொன்றுக்கு எஃப்டிடிஐ. பாராமீட்டர் பேக்கப்பை மாதம் ஒரு முறை எடுத்து இரண்டு இடத்தில் வைக்கிறோம். மலிவு கன்வெர்ட்டரை எடைத்தராசின் ரீடிங் படிக்கக் கொடுத்துவிட்டேன், அந்த வேலைக்கு அது தாராளம்.