ஸ்டீயரிங் ராடும் சப்பாத்தி மாவும்: மூன்று வருட அனுபவம்

குன்னூர் நண்பன் வீட்டிலேயே கார் கட்டிக்கொண்டிருக்கிறான். "மச்சான், ஸ்டீயரிங் ராடு மேனிஃபோல்டுல இடிக்குது, நீ என்ன பண்ணினே?" என்று கேட்டான். ராடு என்றால் ஸ்டீயரிங் சக்கரத்திலிருந்து கீழே இறங்கும் தண்டு; மேனிஃபோல்டு, இன்ஜினின் சூடான புகைக்குழாய். போன வாரம்தான் அதே இடத்தைத் திரும்பவும் பிரித்து மாட்டினேன். கையில் கிரீஸ் வாடை இன்னும் போகவில்லை.

என் வண்டி மாருதி ஆம்னி இன்ஜின், மாருதி 800-இன் ராக் (ராடின் சுழற்சியை வாங்கி முன்சக்கரங்களைத் திருப்பும் பல்சட்டம்), மீதி சதுரக் குழாய். பதிவு கிடையாது, கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் பாதைக்குள் மட்டும் ஓடும். ராடை நேராகக் கொண்டுபோக இடமில்லாமல் இரண்டு யூ.ஜே. (யுனிவர்சல் ஜாயின்ட், சாய்ந்த இரண்டு ராடுகளைச் சேர்த்துச் சுழலவிடும் மூட்டு) போட்டு வளைத்தேன்.

முதல் மூன்று மாதம் வளைவுக்கு வளைவு எரிச்சல். ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை ஸ்டீயரிங் கனக்கும், இரண்டு தடவை வழுக்கும். டயர், பால் ஜாயின்ட் எல்லாவற்றையும் திட்டினேன். குற்றம் யூ.ஜே.யில்தான்: 30 டிகிரி சாய்ந்தால் அதன் மறுபக்க ராடு ஒரு சுற்றுக்குள்ளேயே 13 சதவீதம் மெதுவாகும், 15 சதவீதம் வேகமாகும். அதை இரண்டாவது யூ.ஜே. சரிக்கட்ட, இரண்டின் சாய்வும் ஒன்றாக இருக்கணும், நடு ராடின் இரு முனையிலும் யூ.ஜே.யைப் பிடிக்கும் கவைகளும் ஒரே வாக்கில் நிற்கணும். பட்டறையில் 90 டிகிரி திருப்பி மாட்டியிருந்தார்கள். வேலை சுத்தம்தான், அதையும் சொல்லணும். திருப்பி மாட்டப் பத்து நிமிடம். அன்றைக்கு இலை மூட்டை டிராக்டருக்கு ஒதுங்கி, வளைவை ஒற்றைக் கையால் ஒடித்தேன்.

ஆனால் ராடு மேனிஃபோல்டில் இடிப்பது நிற்கவில்லை. நிறுத்தி அளந்தால் இடைவெளி 10 மி.மீ. ஏற்றத்தில் இரண்டாவது கியரில் மிதித்தால் 'டக்'. சப்பாத்தி மாவை உருட்டி மேனிஃபோல்டில் ஒட்டி ஒரு ஏற்றம் ஏறிவந்தேன். பாதி வெந்த மாவு ராடு பட்ட இடத்தில் அப்பளம் மாதிரி நசுங்கியிருந்தது. இன்ஜினைத் தாங்கும் மவுன்ட் ரப்பர் தளர்ந்து இன்ஜின் அவ்வளவு சாய்கிறது. ரப்பரை மாற்றினேன், ஒரு வருடம் நிம்மதி, அப்புறம் பழையபடி 'டக்'. சூட்டுக்குத் தகரத் தடுப்பு வைத்தும் மேனிஃபோல்டு பக்கத்து ஜாயின்ட்டில் கிரீஸ் காய்கிறது. மூன்றாவது ஜாயின்ட் போட்டு விலக்கலாம், ஆனால் நடுவில் பேரிங் தாங்கல் இல்லாவிட்டால் ராடு துவளும். அதைப் பிடிக்க என் சட்டத்தில் இடமில்லை.

நண்பனிடம் சொன்னேன், வெல்டிங் முடியலைன்னா இன்ஜினை இரண்டு அங்குலம் இடப்பக்கம் தள்ளு, முடிஞ்சிருந்தா பேசாம ஒரு பழைய 800 வாங்கிக்கோ என்று. சரி, உன் வண்டியையே கொடு என்றான். தரமாட்டேன்.